மாணாக்கர் மதிப்பீடு: பொலோனியா முதல் பெர்க்கிலி வரை

மாணாக்கர் தம் வகுப்பின் நிறைகுறை உரைத்தல் அண்மைக்காலப் புதுமை என்பார் உளர். அது பொருந்தாது. இத்தாலி நாட்டுப் பொலோனியாவில், சட்டம் பயின்ற மாணாக்கர் 13-ஆம் நூற்றாண்டிலேயே தமக்கெனக் கழகம் கண்டு தலைவரைத் தேர்ந்தனர். அவர்க்குக் கீழ்ப்படிவதாக ஆசிரியர் உறுதி கூறினர். 1317-இல் தொகுக்கப்பெற்ற விதிகளை நோக்குவார்க்கு இதன் கடுமை புலனாகும். மணியொலித்தபின் வகுப்பை நீட்டலாகாது. பாடத்தில் எப்பகுதியையும் விடுத்துச் செல்லலாகாது. ஒருநாள் வாராதிருத்தற்கும் இசைவு வேண்டும். கேட்போர் ஐவரினும் குறையின், ஆசிரியர் வாராதவராகவே கொள்ளப்பெற்றுத் தண்டம் இறுப்பார். ஆசிரியர் குறையை அறிவிக்க மறைவாக மாணாக்கர் சிலரும் அமர்த்தப்பெற்றனர். ஒற்றாடலை ஒத்த இம்முறை நாம் போற்றத்தக்கதன்று. இவ்வதிகாரத்திற்கு அடிப்படை மாணாக்கர் தந்த ஊதியமே. நகரவை ஊதியம் வழங்கத் தலைப்படவே அது மெல்ல மெல்லத் தளர்வதாயிற்று.

எனினும் அவ்விதிகள் ஆசிரியர்தம் வருகையையும் நேரத்தையும் அளந்தனவேயன்றி, மாணாக்கர் பெற்ற கல்வியை அளந்தில. 1927-இல் அமெரிக்கப் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரெம்மர்சு முதலியோர் அமைத்த மதிப்பீட்டுப் படிவமும் ஆசிரியர் பண்புகளையே வினவிற்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் இயற்பியல் பயிற்றிய சார்லசு சுவார்ட்சின் பெயரோடு 1980-களில் அறியப்பெற்ற ‘ஒரு நிமிடத் தாள்’ வேறு வழிச் சென்றது. வகுப்பின் முடிவில் இரண்டே வினாக்கள்: இன்று கற்றவற்றுள் தலையாயது யாது? இன்னும் விளங்காது நிற்பது யாது? மனநிறைவு உண்டா என்னும் வினா இதில் இல்லை. அடுத்த வகுப்பை அவ்விடைகளிலிருந்தே தொடங்கலாம். பருவ இறுதியில் நிரப்பும் படிவமோ, அதனை நிரப்பிய மாணாக்கர்க்கு யாதும் பயப்பதில்லை.