விஷ்ணுவர்மனின் முத்திரையும் பரோடாவின் பணமும்: பேராவின் தொல்வரலாற்றில் ஆய்வுக்கொடையின் பங்கு

1. தலைப்பிலேயே முடிவு

ஹோ. ஜெ. குவாரிட்ச் வேல்ஸ் 1940இல் ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் ஒரு நீண்ட அகழாய்வு அறிக்கையை வெளியிட்டார். மலாயாவில் பண்டைய இந்தியக் குடியேற்றம் பற்றிய தொல்லியல் ஆய்வுகள் என்பது அதன் தலைப்பு. அவர் பெரிதும் தோண்டியது கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கில். அண்டை மாநிலமான பேராவில் அதற்கு முன்பும் பின்பும் கிடைத்த பொருள்களும் காலப்போக்கில் அந்தத் தலைப்புக்குள்ளேயே அடுக்கப்பட்டன. கிந்தா ஈயச் சுரங்கங்களில் வெளிப்பட்ட வெண்கலப் படிமங்களும், 1936இல் பீடோரில் கிடைத்த எட்டுக்கை அவலோகிதேசுவரரும், கோல செலின்சிங் முத்திரையும் இப்படித்தான் ‘இந்தியக் குடியேற்றத்தின் சான்றுகள்’ ஆயின. தமிழில் எழுதப்பட்ட மலேசிய இந்தியர் வரலாறுகளில் முதல் அத்தியாயம் பெரும்பாலும் இந்தப் பட்டியலோடுதான் தொடங்குகிறது.

வேல்ஸின் அகழாய்வுத் திறமை பற்றி இங்கே விவாதமில்லை. அவருடைய வாசிப்பைப் பற்றித்தான் விவாதம். ‘குடியேற்றம்’ என்பது மண்ணிலிருந்து அவர் பெற்ற விடையன்று. அது நிதி திரட்டும்போதே எழுதப்பட்ட வினாவின் ஒரு பகுதி என்பது என் வாதம்.

2. யார் பணம், யார் வினா

சயாமிய அரண்மனைப் பணியில் சில ஆண்டுகள் இருந்து, அந்நாட்டு அரசச் சடங்குகளைப் பற்றி 1931இல் நூல் எழுதியவர் வேல்ஸ். அடுத்து அவர் மேற்கொண்ட பயணங்களை நடத்தியது லண்டனில் இயங்கிய அகண்ட இந்திய ஆய்வுக்குழு. திபெத்துப் படையெடுப்பால் பெயர்பெற்ற பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் போன்றவர்கள் அதற்கு முன்னின்றார்கள். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் முதலான சமஸ்தானக் கொடையாளர்கள் பணம் தந்தார்கள். ஆங்கிலேய ஆய்வாளர், இந்திய மன்னர்களின் கொடை, சயாமிலும் மலாயாவிலும் களம் என்று அமைந்த இதை, மானுடவியல் துறைகளில் இன்று நாம் பன்னாட்டுக் கூட்டாய்வு நல்கை என்று அழைப்பதன் மூதாதை எனலாம். களத்து மக்களின் சார்பில் அதில் யாரும் இல்லை.

அந்தக் கொடைக்கு ஒரு சூழல் இருந்தது. 1926இல் கல்கத்தாவில் அகண்ட இந்தியச் சங்கம் தோன்றியது. ர. ச. மஜும்தார் சம்பாவைப் பற்றி 1927இலும் சுவர்ணத்தீவைப் பற்றி 1937இலும் எழுதிய நூல்களைத் ‘தூரக்கிழக்கில் பண்டைய இந்தியக் குடியேற்ற நாடுகள்’ என்ற வரிசையில் வெளியிட்டார். அந்நிய ஆட்சியில் இருந்த ஒரு நாடு, தானும் ஒரு காலத்தில் கடல் கடந்து நாடுகளை நிறுவியது என்று கேட்க விரும்பியது இயல்பு. கொடையாளர் அந்தக் கதைக்குக் காசு கொடுத்தார்கள். வேல்ஸ் 1937இல் வெளியிட்ட பயண நூலின் துணைத்தலைப்பு ‘இந்தியப் படையெடுப்பாளர்களின் அடிச்சுவட்டில்’ என்று பொருள்படும். அகழாய்வு அறிக்கையில் குடியேற்றக்காரர், பொதுவாசகர் நூலில் படையெடுப்பாளர். இரண்டுக்கும் போதுமான சான்று பேராவில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

3. ஒரு முத்திரை

பேராவில் எழுத்தோடு கிடைத்த தொல்பொருள்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது கோல செலின்சிங்கின் சூதுபவழ முத்திரை. மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் கடலோரத் தீவுகளில், கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் அருங்காட்சியகப் பணியாளரான ஐவோர் எவன்ஸ் 1920களின் பிற்பாதியிலும் 1930களின் தொடக்கத்திலும் தோண்டினார். தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்ட பேரா அருங்காட்சியகத்தின் வழிவந்த பணி அது. மணிகள், மட்கலங்கள், சிப்பிக் குவியல்கள், படகில் வைத்துப் புதைக்கப்பட்ட எலும்புகள், கருடன்மேல் திருமால் அமர்ந்த சிறு பொன்னணி ஆகியவற்றோடு இந்த முத்திரையும் கிடைத்தது. அதிலுள்ள எழுத்தை ‘ஸ்ரீ விஷ்ணுவர்ம்மஸ்ய’ என்று படித்திருக்கிறார்கள். ‘திரு விஷ்ணுவர்மனுடையது’ என்பது பொருள்.

இந்த வேற்றுமை உருபின்மேல் சற்று நிற்க வேண்டும். ‘வர்மன்’ என்னும் வடமொழிப் பெயருக்கு இலக்கணப்படி ஆறாம் வேற்றுமை ‘வர்மண:’ என்று வரும். மேற்கு ஜாவாவில் மன்னன் பூர்ணவர்மன் தன் அடிச்சுவட்டோடு வெட்டுவித்த சியாருத்தன் பாறைக் கல்வெட்டில் அந்த வடிவமே உள்ளது. அது அரசவைப் புலவன் யாத்த செய்யுள். பேரா முத்திரையிலோ ‘ராமஸ்ய’, ‘தேவஸ்ய’ என்பனபோல அகர ஈற்றுப் பெயருக்குரிய உருபு ஏறியிருக்கிறது. ரகரத்தை அடுத்த மெய் இரட்டிப்பது கல்வெட்டுகளில் சாதாரணம், அதில் சிறப்பேதும் இல்லை. உருபு மாறியதுதான் கவனிக்கத்தக்கது.

இத்தகைய பிறழ்ச்சி இந்தியாவின் செப்பேடுகளிலும் முத்திரைகளிலும் உண்டு. ஆகவே இதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டக் கூடாது என்பார் சிலர். ஒப்புகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு இதைவிடக் குறைந்த சான்றின்மேல் ஓர் அரசையே கட்டியிருக்கிறது. ‘வர்மன்’ என்ற ஈற்றைக் கண்டதும் பல்லவ அரசகுலம், அரசகுலம் என்றதும் குடியேற்ற நாடு. இந்த இரண்டு தாவல்களையும் முத்திரையின் மொழி தாங்கவில்லை. வடமொழியை ஏட்டில் கற்காமல் புழக்கத்தில் எடுத்துக்கொண்ட ஒருவரின் உடைமைக்குறி என்று கொள்வதே பொருந்துகிறது. அவர் வணிகராக இருக்கலாம். வர்மன் என்ற பெயரைச் சூடிக்கொண்ட உள்ளூர்த் தலைவராகவும் இருக்கலாம். கடம்பர்களில் ஒரு விஷ்ணுவர்மன் உண்டு. கி.பி. 775ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட, தென் தாய்லாந்தின் லிகோர் கல்வெட்டின் மறுபக்கத்தில் விஷ்ணு என்று பெயர் கூறப்படும் ஒரு பேரரசரும் உண்டு. பெயரொற்றுமையை மட்டும் நம்பினால் எவரோடும் இணைத்துவிடலாம். இருவரோடும் இணைக்க நான் மறுக்கிறேன்.

காலமும் முடிவாகவில்லை. எழுத்தமைதியை மட்டும் கொண்டு சிலர் ஐந்தாம் நூற்றாண்டு என்றனர், வேறு சிலர் பின்னுக்குத் தள்ளினர். ஒரு விரல்நுனிப் பரப்பில் உள்ள சில எழுத்துகளை வைத்து ஒரு நூற்றாண்டுக்குள் காலத்தை நிறுத்த முடியாது. எடுத்துச் செல்லக்கூடிய சிறு பொருளாதலால், அது செதுக்கப்பட்ட காலமும் இடமும் வேறு, புதைந்த காலமும் இடமும் வேறாக இருக்க வாய்ப்புண்டு. 1980களின் பிற்பகுதியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிக் ஹாசான் சுஹாய்மி தலைமையில் புலாவ் கெலும்பாங்கில் நடந்த அகழாய்வு, அங்கே ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு நீடித்த ஒரு கடலோரச் சமூகத்தைக் காட்டியது. மணி செய்தும் மீன்பிடித்தும் சதுப்புநிலத்திலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த நீண்ட வாழ்வில் முத்திரை ஒரு சிறு நிகழ்ச்சி. வேல்ஸின் சட்டகத்தில் அந்த நிகழ்ச்சி தலைப்பாகிவிட்டது, அங்கே வாழ்ந்த மக்கள் அடிக்குறிப்பாகவும் இடம்பெறவில்லை.

4. கொடை நின்றபின்

வேல்ஸே பின்னர் மாறினார் என்பதை அவருடைய ஆதரவாளர் அதிகம் பேசுவதில்லை. 1951இல் வெளிவந்த ‘அகண்ட இந்தியாவின் உருவாக்கம்’ என்ற நூலில், வந்த பண்பாட்டை ஏற்றுத் தன் போக்கில் உருமாற்றும் ‘உள்ளூர் மேதைமை’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார். படையெடுப்பாளரின் அடிச்சுவட்டிலிருந்து உள்ளூர் மேதைமைக்கு வர அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் போர் வந்தது, இந்தியா விடுதலை பெற்றது, சமஸ்தானங்கள் இணைக்கப்பட்டன, மன்னர்களின் கொடையும் ஓய்ந்தது.

பணம் நின்றதும் பார்வை மாறியது என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் டச்சு வரலாற்றாய்வாளர் வான் லேர் 1934லேயே டச்சு மொழியில் குடியேற்றக் கோட்பாட்டை எதிர்த்து எழுதிவிட்டார். 1946இல் லைடனில் டச்சுத் தொல்லியலாளர் போஷ் ஆற்றிய உரையும் அதே திசையில் சென்றது. வேல்ஸ் இவர்களால் அசைந்திருக்கலாம். ஆகவே கொடைதான் காரணம் என்று சொல்லாமல், கொடை இருந்தவரை மறுபரிசீலனைக்கு இடமிருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். தலைப்பிலேயே விடையைச் சொல்லி நிதி பெற்றவர், களத்தில் வேறு விடை கிடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதே ஆண்டுகளில் மலாயாவில் வேறொரு விசாரணையும் நடந்தது. 1936 டிசம்பரில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் வந்து, தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்து 1937இல் அறிக்கை தந்தார். கூலி, கங்காணி ஆள்சேர்ப்பு, பள்ளிக்கூடம் என்பன அவருடைய கவலைகள். 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை இந்தியா நிறுத்தியது. இந்தியர் மலாயாவுக்கு ஏன் வந்தனர் என்ற ஒரே வினாவுக்கு ஒரே பத்தாண்டில் இரண்டு தேடல்கள். மன்னர்களின் கொடை கோயில் அடித்தளங்களைத் தேடியது. தோட்ட லயங்களில் (வரிசைக் குடியிருப்புகளில்) இருந்தவர்கள் அரசாங்க அறிக்கையோடு நின்றுபோனார்கள். ஆய்வுப் பொருளாக அவர்கள் எவருடைய நல்கைப் பட்டியலிலும் ஏற வெகுகாலம் பிடித்தது.

5. வெள்ளிக்காசும் கூட்டுவாசிப்பும்

1950களில் நிலைமை ஒருமுறை தலைகீழானது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைப்பது பற்றி ஆலோசனை கூறிய க. அ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி என்று தொழிலாளரும் தந்தனர். தமிழை முதன்மையாகக் கொண்டு துறை அமைந்தது. 1961இல் அதன் தலைமைக்கு வந்த தனிநாயகம் அடிகள், 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற வழிசெய்து, 1966 ஏப்ரலில் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். மன்னர் கொடை மொழியில்லாத இடிபாடுகளைத் தேடிற்று என்றால், வெள்ளிக்காசு பேசும் மொழிக்கு ஒரு துறையையே பெற்றுத் தந்தது. ஆனால் இந்த இரண்டாவது பணமும் தோட்டங்களின் வரலாற்றை ஆய்வுப் பொருளாக்கவில்லை. தமிழின் தொன்மையே அதற்கும் பெருமையாக இருந்தது.

பன்னாட்டு நிதி வாசிப்பைக் கெடுத்தே தீரும் என்பதும் சரியன்று. சுமத்ராவின் லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. நீலகண்ட சாஸ்திரி அதைப் பற்றி 1932இல் எழுதியபோது அவரிடம் இருந்தது முழுமையற்ற பாடம். பிரெஞ்சு, இந்தோனேசியத் தொல்லியலாளர்களின் கூட்டு அகழாய்வை ஒட்டி எ. சுப்பராயலு செய்த புதிய பதிப்பு 1998இல் வெளிவந்தது. ‘வரோசு’ என்ற ஊர்ப்பெயரும், கப்பல் தலைவரும் பணியாளரும் செலுத்த வேண்டிய பொன் கட்டணமும் அதில் தெளிவடைந்தன. நொபொரு கராஷிமா 1997 முதல் 2000 வரை தாய்ஷோ பல்கலைக்கழகத்தின் வழியாக நடத்திய இந்தியப் பெருங்கடல் வணிகத் திட்டத்திலும் கல்வெட்டறிஞரும் பீங்கான் ஆய்வாளரும் ஒரே குழுவில் இருந்தனர். மொழி தெரிந்தவர் தொடக்கத்திலிருந்தே குழுவில் இருந்தார், வணிகம் என்ற வினா குடியேற்றத்தை முன்கூட்டியே கற்பித்துக்கொள்ளவில்லை. வேல்ஸின் திட்டத்தில் இவ்விரண்டும் இல்லை.

6. இன்றைய விண்ணப்பத்துக்கு

பேராவில் இனி நிதி கேட்பவர்கள் முத்திரைகளுக்கு மட்டும் கேட்க வேண்டியதில்லை. கோல கங்சாரில் 1877இல் ரப்பர் கன்று நடப்பட்ட மாநிலம் இது. தோட்டத் துண்டாடலிலும் பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தோட்டங்கள் கைமாறியதிலும் சிதறிய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவு) ஏடுகள், தோட்டக் கோயில்களின் கணக்குப் புத்தகங்கள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவையே இங்குள்ள அழியும் ஆவணங்கள். ஆர்க்கேடியா நிதியத்தின் கொடையில் 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம், மூலங்கள் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், மின்படிகள் உள்ளூரிலும் வைக்கப்பட வேண்டும் என்கிறது. பொருள்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் கொடையாளரே முடிவுசெய்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

ஆனால் வினாவை யார் எழுதுவது என்பது எந்த நிதியத்தின் விதியிலும் தானாக வந்துவிடாது. அதை விண்ணப்பிப்பவர்தான் எழுத வேண்டும். எதிர்பார்க்கும் முடிவைத் திட்டத்தின் தலைப்பில் வைக்கக் கூடாது. நடுவில் வினாவை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். செக்ரோலின் சுருக்கக் குறிகளைப் பார்த்தவுடன் விரித்துச் சொல்லத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராணியை (தோட்ட எழுத்தரை)த் ‘தகவலாளர்’ என்று நன்றியுரையில் குறிப்பிட்டு விடாமல், இணை ஆய்வாளராகச் சேர்த்து, வரவுசெலவுத் திட்டத்தில் அவருக்கு ஊதியம் ஒதுக்க வேண்டும்.