போதும் என்பதன் அளவு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாள்களில், திருவேற்காட்டிலுள்ள என் இல்லத்திற்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். அதனைக் கொண்டு வருவோர் தந்தையும் மகனுமாகவோ, தாயும் மகளுமாகவோ இருப்பர். "கல்லூரிக்கு மடிக்கணினி வாங்க வேண்டும் ஐயா. ஆற்றல் மிக்கதாகப் பார்த்து வாங்குவதா? விலை குறைந்ததாய், தூக்கிச் செல்ல எளிதாய் இருப்பதை வாங்குவதா?" என்பதே அக்கேள்வி. கேட்போரில் பலர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைத்து ஊதியம் பெறுவோர். நல்லதொரு மடிக்கணினியின் விலை அவர்களுக்கு இரண்டு மூன்று மாத உழைப்பின் பயனாகும். ஆதலின் இதனைச் சிறு கேள்வி எனத் தள்ளிவிட இயலாது.

இக்கேள்விக்கு ஒருமுறை நான் தவறான விடை கூறினேன். 2015-ஆம் ஆண்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இயந்திரப் பொறியியல் படிப்பில் சேர்ந்தான். அவன் தனியார் பள்ளியில் பயின்றவன். ஆகவே அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் தந்தையார் என்னிடம் அறிவுரை கேட்டார். "சிக்கனமே சிறந்தது, கனமில்லாத சிறிய கணினி போதும்" என்று நான் கூறினேன். அவ்வண்ணமே அவரும் வாங்கினார். முதலாண்டில் குறையொன்றும் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டில் இயந்திர உறுப்புகளை முப்பரிமாணத்தில் வரையும் பயிற்சி தொடங்கிற்று. அச்சிறு கணினியோ அந்த வரைவு மென்பொருளைத் திறக்கவே திணறியது. அத்தந்தையார் மீண்டும் கடன் பெற்று இரண்டாவது கணினி வாங்க நேர்ந்தது. என்மீது அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது. 'போதும்' என்று நான் சொன்னேனே, எதற்குப் போதும் என்று கேட்டேனா? அன்று எழுந்த அவ்வினாவே என்னை இப்பொறியின் வரலாற்றைக் கற்குமாறு தூண்டியது.

கற்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. கையில் தூக்கிச் செல்லும் கணினியை முதன்முதலாக வணிகத்தில் வெற்றி பெறச் செய்தவர் நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர்! அவர் பெயர் ஆடம் ஆஸ்பார்ன். 1939-ஆம் ஆண்டில் பாங்காக் நகரில் பிறந்தார். இரமண மகரிஷியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் ஆஸ்பார்ன் என்பவரே அவருடைய தந்தையார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அச்சிறுவர் அருணை மலையின் அடிவாரத்தில் வளர்ந்தார், தமிழ் பேசினார், கொடைக்கானலில் பள்ளிக்கல்வி பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று வேதிப் பொறியியல் கற்று, அமெரிக்காவில் குடியேறி, கணினி நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார்.

1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில் 'ஆஸ்பார்ன் 1' என்னும் பொறியை அவர் உலகுக்குக் காட்டினார். அதனை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர். எடை ஏறத்தாழ 11 கிலோ. நினைவகம் 64 கிலோபைட். திரை 5 அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துகளே அத்திரையில் தெரியும். இன்றைய நோக்கில் அது தையற்பொறிப் பெட்டியைப் போன்றதொரு சுமைதான். எனினும் வானூர்தி இருக்கையின் அடியில் அதனை வைத்துவிடலாம். விலை 1,795 டாலர். கடிதம் எழுதவும் கணக்கிடவும் வேண்டிய மென்பொருள்கள் அவ்விலைக்குள்ளேயே அடக்கம்.

ஆஸ்பார்னின் கொள்கை மிக எளியது: போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேற்பட்டவை வேண்டுவதில்லை என்பதே அது. மிகச் சிறந்த பொறியைச் செய்வதன்று, பலரும் வாங்கத்தக்க பொறியைச் செய்வதே அவர் நோக்கம். மக்கள் அதனை வரவேற்றனர். விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதத்திற்குப் பத்தாயிரம் பொறிகள் விற்றன என்பர்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1982-இல், இதற்கு நேர்மாறான பொறி ஒன்று தோன்றியது. 'கிரிட் காம்பஸ்' என்பது அதன் பெயர். இன்றைய மடிக்கணினியைப் போலத் திரையை மடித்து மூடும் வடிவம் அதற்கு உண்டு. எடை 5 கிலோ அளவே. விலையோ 8,000 டாலருக்கு மேல்! அமெரிக்க விண்வெளி ஓடத்தில் அது பயணம் செய்தது. இங்கு ஒன்றைக் கருதுக. அந்நாளில் கனமான பொறியே மலிவானது. இலேசான பொறியே விலையுயர்ந்தது. எடை குறைவு என்பது அன்று செல்வரின் உரிமையாக இருந்தது.

ஆஸ்பார்னின் வெற்றி நெடுநாள் நீடிக்கவில்லை. காம்பாக் என்னும் புதிய நிறுவனம் 1983-இல் ஒரு பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது ஆஸ்பார்னின் பொறியைவிடக் கனமானது. ஏறத்தாழ 13 கிலோ. விலையும் மிகுதி, ஏறத்தாழ 3,000 டாலர். ஆயினும் அந்த ஓராண்டில் மட்டும் 53,000 பொறிகள் விற்றன. காரணம் யாது? அதன் திரை 9 அங்குலம்; அதனினும் முதன்மையாக, அலுவலகங்களில் பரவி வந்த ஐபிஎம் கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் அதிலும் இயங்கின. அலுவலகப் பணி அவற்றை நாடிச் சென்றபோது, அவற்றை இயக்க மாட்டாத பொறி என்ன விலைக்குக் கிடைத்தாலும் போதாததாயிற்று. ஆஸ்பார்ன் நிறுவனம் 1983 செப்டம்பரில் நொடித்தது. புதிய பொறி வரப்போகிறது என்று அவரே முன்கூட்டி அறிவித்ததால் பழைய பொறியை வாங்குவோர் நின்றுவிட்டனர் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், 'போதும்' என்னும் கொள்கை பிழையானதன்று. போதும் என்பதன் அளவு, பணி மாறும்போது உடன் மாறும் என்பதே அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆற்றலும் எளிமையும் ஏன் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று நீங்கள் வினவலாம். விடை உங்கள் இயற்பியல் நூலிலேயே இருக்கிறது. விரைந்து வேலை செய்யும் செயலி மிகுதியான மின்சாரத்தை உண்ணும். உண்ட மின்சாரம் வெப்பமாக வெளிப்படும். வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் உலோகக் குழாய்களும் வேண்டும். நெடுநேரம் இயங்கப் பெரிய மின்கலம் வேண்டும். இவை அனைத்தும் எடையே. எடையோடு விலையும் ஏறும். நாளடைவில் செயலிகள் சிறுகச் சிறுக மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றன. அதன் பயனாக 2007-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஆசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையும் ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்ட மலிவான மடிக்கணினியை வெளியிட்டது. எடை குறைவு அன்றுதான் எளியோர் கைக்கும் எட்டியது. ஆயினும் அதன் சேமிப்பகம் 4 ஜிகாபைட் மட்டுமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளிலும் பயில்வோருக்காக எல்காட் நிறுவனம் அக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. அவை 14 அங்குலத் திரையும், 2 ஜிகாபைட் நினைவகமும், 320 ஜிகாபைட் சேமிப்பகமும் உடையவை. சரியாக இருபது நாள்கள் கழித்து, அக்டோபர் 5-ஆம் நாள், புதுதில்லியில் மைய அரசு 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை. 256 மெகாபைட் நினைவகம். அரசுக்கு ஆன விலை ஏறத்தாழ 50 டாலர்.

ஒரே கேள்விக்கு இருபது நாள் இடைவெளியில் இரண்டு அரசுகள் இரண்டு விடைகள் கூறின. நினைவகத்தில் மட்டும் எட்டு மடங்கு வேறுபாடு! ஆகாஷின் நோக்கம் உயர்ந்தது. ஏழை மாணவனின் கைக்கும் கணினி எட்ட வேண்டும் என்பதே அது. எனினும் அதன் வேகக் குறைவையும் தொடுதிரையின் மந்தத்தையும் பலர் எடுத்துக் காட்டினர். ஓராண்டு கழித்து, 2012 நவம்பரில், நினைவகம் இரு மடங்கான திருத்திய வடிவம் வர வேண்டியதாயிற்று. அங்கு விலை முதலில் குறிக்கப்பட்டது. பணி அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. தமிழகத்து மடிக்கணினியும் உயர்ந்த ஆற்றல் வாய்ந்ததன்று. ஆயின் தட்டச்சுக்கும் நிரல் எழுதிப் பழகுவதற்கும் பாடங்களைச் சேர்த்து வைப்பதற்கும் அன்றைய அளவில் அது போதுமானது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய கணினிகளைப் பெற்றனர். அவர்களுள் பலருக்கு, வீட்டுக்குள் வந்த முதற் கணினி அதுவே.

2025-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் அளிக்கப்பட்ட தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என அறிவித்தது. அரசுகள் விடை கூறி வந்த கேள்வியை மாணவரிடமே கேட்கும் காலமும் வந்துவிட்டதை அவ்வறிவிப்பு உணர்த்தியது.

ஆகவே, மாணவர்களே, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் படிப்பில் நான்கு ஆண்டுகளிலும் செய்ய வேண்டிய பணிகள் எவை என்று மூத்த மாணவரையும் பேராசிரியரையும் கேட்டு எழுதுங்கள். இலக்கியம், வணிகவியல், சட்டம் ஆகியன பயில்வோருக்குப் படிப்பதும் எழுதுவதும் கணக்கிடுவதுமே பெரும்பணி. அவர்களுக்கு எடை குறைந்து, மின்கலம் நெடுநேரம் உழைக்கும் கணினியே உற்ற துணை. பூந்தமல்லிப் பேருந்தின் நெரிசலில் நாள்தோறும் இரண்டரைக் கிலோப் பொறியைத் தோளில் சுமப்பதால் அவர்தம் அறிவு பெருகிவிடாது. முப்பரிமாண வரைவு, திரைப்படத் தொகுப்பு ஆகியவற்றைப் பயில்வோருக்கோ ஆற்றல் ஆடம்பரமன்று, அது கருவி. அவர்களும் கல்லூரி ஆய்வகத்தில் எத்தனை மணி நேரம் கணினி கிடைக்கும் என்று கேட்டறிக. கடும்பணி அங்கே முடியுமாயின், வீட்டுக்கு எளிய பொறியே போதும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இயலாது. வாங்கும்போதே அதனை வினவுக.

ஆடம் ஆஸ்பார்ன் தம் இறுதி நாள்களில் நம் நாட்டுக்கே திரும்பி வந்தார். 2003-ஆம் ஆண்டில், தாம் சிறுவனாய்ப் பயின்ற கொடைக்கானலிலேயே காலமானார். 'போதும்' என்னும் சொல்லை அவர் உலகுக்குக் கூறினார். 'எதற்கு?' என்னும் வினாவை அதனோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை, எங்கள் தெருத் தந்தையார் ஒருவரின் இரண்டாவது கடன் எனக்குக் கற்பித்தது. இப்போது என் இல்லம் தேடி வருவோரிடம் நான் விடை கூறுவதில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து அம்மாணவரின் கையில் கொடுக்கிறேன்.