பாலத்தின் இடைவெளி

அடையாறு கடலோடு கலக்கும் இடத்தில், தென்கரையில் அமைந்திருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் வாழும் இவ்வூரின் அருகே, ஆற்றுமுகத்தில் ஒரு பாலத்தின் துண்டுகள் நிற்கின்றன. அக்கரையிலுள்ள சீனிவாசபுரத்திற்கு மக்கள் நடந்து செல்வதற்காக 1967இல் கட்டப்பட்ட காங்கிரீட் பாலம் அது. பத்தே ஆண்டுகளில், 1977இல், நீரின் வேகத்தால் முறிந்தது. மீண்டும் கட்டப்படவில்லை. கண்ணெதிரே தெரியும் கரையை அடைய, மேற்கே திரு. வி. க. பாலம்வரை சென்று சுற்றிவர வேண்டியதாயிற்று. 'உடைந்த பாலம்' என்பதே அதன் பெயராகிவிட்டது.

பாலத்திற்கு நீர் ஒரு பகை. அதன் செயலை இங்கே யாவரும் காணலாம். ஆனால் ஓசையின்றி நாள்தோறும் தொழிற்படும் மற்றொரு பகையும் உண்டு. அதுவே வெயில். அதனை மனிதன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பதைச் சிறிது காண்போம்.

வெப்பத்தால் பொருள்கள் விரியும், குளிரால் சுருங்கும் என்பது மாணவர் அறிந்ததே. பண்டைக் காலத்துக் கல் வளைவுப் பாலங்களுக்கு இதனால் பெருந்தொல்லை நேரவில்லை. வெயிலில் வளைவின் உச்சி சற்றே உயரும்; இரவில் தாழும். சுண்ணாம்புச் சாந்தும் ஓரளவு இணங்கிக்கொடுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்ட இரும்புப் பாலங்கள் எழுந்தபோது நிலைமை மாறியது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் அமைத்த பிரிட்டானியா ரயில் பாலம் 1850இல் திறக்கப்பட்டது. அதன் நீண்ட இரும்புக் குழாய்களை அவர் எல்லாத் தூண்களோடும் இறுகப் பிணைக்கவில்லை. நடுக் கோபுரத்தில் நிலைநிறுத்தி, பிற இடங்களில் உருளைகளின்மேல் வைத்தார். பாலம் நீளவும் குறுகவும் வழி பிறந்தது.

காங்கிரீட்டும் இரும்பைப் போன்றே, ஏறக்குறைய அதே அளவில் விரிகிறது. நூறு மீட்டர் நீளமுள்ள காங்கிரீட், முப்பது டிகிரி வெப்பம் ஏறினால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளும். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். அத்தனை நீளமும் ஒரே துண்டாக இருந்து, இருபது டிகிரி வெப்பம் ஏறினால், அது அரை மீட்டர் நீண்டுவிடும். அதைத் தடுக்க முயன்றால் காங்கிரீட் நொறுங்கும், தூண் சாயும்.

ஆகவே பொறியாளர் பாலத்தைப் பகுதிகளாக்கி, இடையில் வெளி விடுகின்றனர். இதற்கு விரிவு இணைப்பு என்று பெயர். சிறிய இடைவெளியை இரும்புத் தகட்டால் மூடினர். பெரியதற்குச் சீப்பின் பற்கள் ஒன்றனுள் ஒன்று நுழைவது போன்ற எஃகுத் தகடுகளைப் பொருத்தினர். பின்னர், நீர் புகாத ரப்பர்ப் பட்டைகள் வந்தன. பேருந்து பாலத்தைக் கடக்கும்போது 'தடக் தடக்' என்று எழும் ஓசை பெரும்பாலும் இவ்விணைப்புகளின் ஓசையே.

இந்தச் சிறு உறுப்பைப் புறக்கணித்தால் இழப்பு பெரிது. மணலும் கல்லும் அடைத்துக்கொண்டால் பாலம் அசைய இடமின்றித் தன்னையே நெருக்கும். ரப்பர் கிழிந்தால் மழைநீர் உள்ளே வடிந்து கம்பிகளை அரிக்கும். உப்புக்காற்று வீசும் கடற்கரையில் இவ்வரிப்பு இன்னும் விரைவு.

அன்பர்களே, ஒரு பாலம் போனால் ஓர் ஊரின் வழி போகிறது. வெள்ளம் வரும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் இடைவெளியில் சேர்ந்த மணலை அகற்றுவது நம் கையில் இருக்கிறது. பாலத்தின் உறுதி, அசையாமல் நிற்பதில் மட்டும் இல்லை. அளவோடு அசைய இடம் பெற்றிருப்பதிலும் இருக்கிறது.