பள்ளி ஆண்டும் விளையாட்டு வேளையும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் சர்க்கார் அலுவலகங்களையும், கோயில்களையும், சங்கங்களையும் பற்றி விரிவாக எழுதுவர். பள்ளி மைதானத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் நம் குழந்தைகள் இந்நகரத்தைத் தம்முடையதாக முதன்முதலில் உணர்ந்த இடம் அம்மைதானமே. வீட்டில் தமிழும், வகுப்பில் இங்கிலீஷும் ஹிந்தியும் கேட்டு வளர்ந்த சிறுவன், பஞ்சாபி பேசும் தோழனோடும் வங்காளி பேசும் தோழனோடும் ஒரே கட்சியில் நின்று ஆடிய அன்றே அவர்களுள் ஒருவனானான். மொழி வராத நாளிலும் பந்து அவனுக்கு வந்தது.

இத்தகைய விளையாட்டு வேளையும், அதனோடு சேர்ந்த வகுப்புச் செயல்களும் நம் உயர்நிலைப் பள்ளிகளில் தாமாகவே முளைத்தவை அல்ல. பலர் சிந்தித்து, வாதாடி, உழைத்துப் பெற்றுத் தந்தவை. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது இம்மலருக்குப் பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் இருந்தது 'டிரில்' ஒன்றே. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் விசில் ஊதுவார்; பிள்ளைகள் வரிசையில் நின்று கை கால்களை அசைப்பார்கள். சிப்பாய்க்கு ஏற்ற பயிற்சி சிறுவனுக்கும் ஏற்றதா என்று எவரும் கேட்கவில்லை. இந்நிலையை மாற்றுவதில் சென்னைக்குச் சிறப்பான பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் உள்ள தேகப்பயிற்சிக் கல்லூரி. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணியோடு உடன் சென்றவரும் அவரே. தேகப்பயிற்சி ஆசிரியரும் ஏனைய ஆசிரியரைப் போல் முறையாகக் கற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கல்லூரியால் வேரூன்றியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கு வந்து பயின்று, தத்தம் ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். வாலிபாலும் கூடைப்பந்தும் நம் பள்ளிகளில் பரவியதற்கு ஒய்.எம்.சி.ஏ. ஒரு முக்கியக் காரணம்.

மேலை நாட்டு ஆட்டங்கள் இவ்வாறு வந்து சேர, நம் மண்ணின் ஆட்டம் ஒன்றும் பள்ளிக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் சடுகுடு என்றும், மகாராஷ்டிரத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும், வடக்கே கபடி என்றும் வழங்கிய அது, ஊருக்கு ஊர் விதி மாறி நின்றது. 1923-ஆம் ஆண்டில் பரோடாவில் அதற்கு விதிகள் வகுத்துப் போட்டி நடத்தினார்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதி நகரத்து ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியார் அதனை ஆடிக் காட்டினார்கள். பள்ளிகளுக்கிடையே அகில இந்தியப் போட்டிகளை நடத்தும் பள்ளி விளையாட்டுச் சம்மேளனம் 1954-இல் அமைந்தது. அதன் பந்தயங்களில் 1962-இல் கபடியும் இடம் பெற்றது. கிராமத்துத் தெருவில் மூச்சடக்கிப் பாடி ஆடிய தந்தையின் ஆட்டத்தை, டில்லி மைதானத்தில் வேறொரு பெயரில் மகன் ஆடினான். பெயர் மாறினாலும் கோடு ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான்.

சுதந்திரம் பெற்ற பின்னர் உயர்நிலைக் கல்வியைச் சீர்தூக்கிப் பார்க்க இந்திய சர்க்கார் 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு கமிஷனை நியமித்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் ஆவார். மருத்துவராகிய அவர் தலைமையில் அக்கமிஷன் 1953 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, பள்ளி ஆண்டைப் பற்றிய நம் எண்ணத்தையே விரிவாக்கியது. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் வேண்டும் என்றது. ஒவ்வொரு மாணவனின் உடல் வலிமைக்கும் ஏற்றவாறு பயிற்சி அமைய வேண்டும் என்றது. நாற்பது வயதுக்கு உட்பட்ட ஆசிரியர் அனைவரும் மாணவரின் விளையாட்டுகளில் தாமும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினால், மறுநாள் வகுப்பில் கணக்கே இனித்துவிடும் என்பதை அனுபவம் உள்ளவர் அறிவர்.

அவ்வறிக்கை மற்றொன்றையும் சொன்னது. பள்ளியிறுதிச் சான்றிதழில் பரீட்சை முடிவு மட்டும் இருந்தால் போதாது. ஆண்டு முழுவதும் மாணவன் பள்ளியில் செய்தவற்றின் சாரமும் அதில் இடம் பெற வேண்டும் என்றது. இந்த யோசனைக்கு நேர்ந்த கதியைப் பின்னர்க் காண்போம்.

அறிக்கை எழுதப்பட்ட அக்காலத்து டில்லியை எண்ணிப் பார்த்தல் நலம். பிரிவினையால் வீடிழந்து வந்த லட்சக்கணக்கானோர் இந்நகரில் குடியேறியிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பை விட முன்னதாகத் தேவைப்பட்டது ஓர் ஒழுங்கும் ஊக்கமும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய ஜெனரல் ஜே. கே. போன்ஸ்லே, லஜபதி நகரிலிருந்த கஸ்தூர்பா நிகேதனத்தில் 1954-ஆம் ஆண்டு, அகதிக் குழந்தைகளுக்காகவே தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். உடற்பயிற்சியும், கூட்டாகப் பாடுதலும், நாட்டு வரலாற்றுக் கதைகளும் கலந்த திட்டம் அது. நாளடைவில் அது பல மாநிலங்களின் பள்ளிகளுக்குப் பரவியது.

இதற்கு முன்பே 1948-இல் தேசிய மாணவர் படையாகிய என்.சி.சி. சட்டத்தால் அமைந்து, அதன் இளநிலைப் பிரிவு பள்ளிகளுக்கு வந்தது. பல கிளைகளாய்ப் பிரிந்திருந்த சாரணர் இயக்கங்கள் ஒன்றுகூடி 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாயின. கழுத்துத் துணியும், கயிற்று முடிச்சும், பேனாக்கத்தியும் பிள்ளை விளையாட்டு என்று எண்ணிய பெற்றோர் அன்றும் உண்டு. அவர்களுக்கு விடையாக ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1957 அக்டோபர் 2-ஆம் நாள் ராமலீலா மைதானத்தில் பிரதமர் நேரு அமர்ந்திருந்த விழாவில் பந்தல் தீப்பற்றியது. தொண்டு செய்ய வந்திருந்த 14 வயதுச் சாரணச் சிறுவன் ஒருவன் கம்பத்தின் மீது ஏறி, தன் கத்தியால் பந்தல் துணியை அறுத்துத் தீ பரவாமல் தடுத்தான். வீரச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் தேசிய விருது வழங்கும் வழக்கம் அச்செயலிலிருந்தே தோன்றியது. அன்று அவனுக்குத் துணை நின்றது வகுப்பிற்கு வெளியே கற்ற கல்வி.

இனி நம்மவர் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டில் வேர்கொண்டு, இன்று ஏழு பள்ளிகளாகக் கிளைத்து நிற்கும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஒருபுறம். மாற்றல் உத்தரவு வந்தால் நடு ஆண்டிலும் ஊர் மாற வேண்டிய சர்க்கார் ஊழியரின் பிள்ளைகளுக்காக 1963-64-இல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்கூல்கள், அதாவது கேந்திரிய வித்யாலயங்கள், மற்றொருபுறம். இவ்வித்யாலயங்களில் மாணவர்களை நான்கு 'ஹவுஸ்'களாகப் பிரித்து, சிவாஜி, தாகூர், அசோகர், இராமன் எனப் பெயரிட்டனர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனின் பெயரைச் சொல்லி, தமிழ் அறியாத பிள்ளைகள் கைதட்டி ஆரவாரிப்பதை நாம் எத்தனையோ விளையாட்டு விழாக்களில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நாகபுரியிலிருந்து டில்லிக்கு மாற்றலாகி வரும் சிறுமிக்கு ஆசிரியர் புதியவர், தெரு புதியது, குளிரும் புதியது. ஹவுஸின் பெயர்கள் மட்டும் அவள் முன்பே அறிந்தவை.

இந்நகரத்துப் பள்ளி ஆண்டின் நடை நம் குடியிருப்பில் யாவரும் அறிந்ததே. ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். வெயில் விடுமுறை கழிந்து ஜூலையில் பள்ளி திறந்ததும் மாணவர் தலைவர் தேர்தலும், ஹவுஸ் பிரிப்பும் நடைபெறும். ஆகஸ்டில் சுதந்திர தின அணிவகுப்பு. டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல், செப்டம்பர் 5-இல் ஆசிரியர் தினம். அன்று மேல் வகுப்பு மாணவிகள் சேலை உடுத்தி, கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவார்கள். தசராவுக்குப் பின் பேச்சுப் போட்டியும், நாடகமும், வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையும். குளிர் தொடங்கும் நவம்பரில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டப் பந்தயம், நீளம் தாண்டல், குண்டு எறிதல், கயிறு இழுத்தல். ஜனவரியில் குடியரசு தினம். அதன் பிறகு மார்ச் வரை பரீட்சையின் ஆட்சி.

அகில இந்தியப் புகழ் பெற்ற பள்ளிப் பந்தயம் ஒன்றும் இந்நகரில் பிறந்தது. விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி, கால்பந்தாட்டத்தில் சிறந்து விளங்க வேண்டுமானால் பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்று எண்ணினார். அவர் 1960 நவம்பரில் டோக்கியோவில் காலமானார். அதே ஆண்டில் அவர் பெயரால் தொடங்கிய கோப்பைக்காக நாடெங்குமுள்ள பள்ளி அணிகள் இன்றும் டில்லிக்கு வருகின்றன. ஆயினும் அக்கோப்பையில் பெண் குழந்தைகளுக்கான பிரிவு ஏற்பட்டது 2012-ஆம் ஆண்டில்தான். தம்பிக்குக் கிடைத்த பந்து தமக்கைக்குக் கிடைக்க 52 ஆண்டுகள் ஆயின. இதில் பந்தயம் நடத்தியோரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. வயது பன்னிரண்டு ஆனதும் மைதானத்திலிருந்து மகளை வீட்டிற்கு அழைத்துக்கொண்ட பெற்றோர் எல்லா மொழியினரிலும் இருந்தனர், நம்மவரிலும் இருந்தனர்.

இப்போது சான்றிதழ் பற்றிய யோசனைக்குத் திரும்புவோம். 1953-இல் முதலியார் கமிஷன் கூறியதை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-இல் தொடர் மதிப்பீட்டு முறையின் வாயிலாக ஒருவாறு நடைமுறைக்குக் கொணர்ந்தது. விளையாட்டுக்கும் கலைக்கும் தொண்டுக்கும் அப்போது தர மதிப்பு கிடைத்தது. எனினும் எட்டு ஆண்டுகளில், 2017-இல், அம்முறை கைவிடப்பட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை மீண்டும் கட்டாயமாயிற்று. 2018-இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு விளையாட்டு வேளை வேண்டும் என்று அதே வாரியம் விதித்தது. பாடம் வேறு, பாடத்திற்கு வெளியே உள்ளது வேறு என்ற பிரிவினையே கூடாது என 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் உரைக்கிறது.

ஆகவே ஏட்டில் குறையொன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் உள்ளது. கால அட்டவணையில் உள்ள விளையாட்டு வேளையை, முடியாத பாடத்திற்காகக் கடன் வாங்கும் ஆசிரியர் உண்டு, அக்கடன் திரும்புவதில்லை. பள்ளி விட்டதும் மாலை வேளையைப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொள்கிறது. இவை போதாவென்று வானமும் பகையாயிற்று. சுண்ணாம்புக் கோடு போடும் அதே நவம்பரில் நச்சுப் புகை இந்நகரை மூடுகிறது. 2016 நவம்பரில் அதன் பொருட்டு டில்லிப் பள்ளிகளை மூன்று நாட்கள் மூட நேர்ந்தது. பின் வந்த ஆண்டுகளிலும் அவ்வாறு நிகழ்ந்துள்ளது. காற்றைத் திருத்துவது ஒரு சங்கத்தின் கைக்கு அடங்கியது அன்று. விளையாட்டு விழாவைப் புகை குறைந்த பிப்ரவரிக்கோ செப்டம்பர் இறுதிக்கோ மாற்றிக்கொள்ளலாமே என்று பள்ளிக் கூட்டங்களில் கேட்பது நமக்கு இயலும்.

மற்றுமொன்றும் இயலும். ஆண்டுதோறும் நம் மேடையில், பரீட்சையில் முதலிடம் பெற்ற பிள்ளைகளை அழைத்துப் பரிசளித்து மகிழ்கிறோம். அது தக்கதே. அவர்களுக்குப் பின், பள்ளிக்காகத் தொடர் ஓட்டத்தில் ஓடிய பெண்ணையும், சாரணர் முகாமில் ஒரு வாரம் தங்கிச் சமைத்த பையனையும், வகுப்புப் பத்திரிகையைத் தன் கையால் எழுதி முடித்த குழந்தையையும் பெயர் சொல்லி அழைப்போம். சான்றிதழில் அவர்களுக்கு இடம் இல்லாது போயினும் சங்கத்தின் ஏட்டில் இடம் உண்டு. முதலியார் கமிஷன் கேட்ட பதிவேட்டை நம் குடியிருப்பு அளவிலேனும் நாம் எழுதத் தொடங்கலாம். அதற்கு எந்த சர்க்காரின் உத்தரவும் வேண்டுவதில்லை. பள்ளி விளையாட்டு விழாவன்று பெற்றோர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றால் போதும்.