மூட்டையின் பாரமும் சட்டத்தின் எல்லையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ6 வீதியும் சந்திக்கின்ற தம்புள்ளையில், 1999 ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. நுவரெலியாவின் கரட்டும் கோவாவும், கற்பிட்டி, யாழ்ப்பாணப் பகுதிகளின் வெங்காயமும் இரவோடிரவாக இங்கு வந்திறங்கி, விடிவதற்குள் நாட்டின் நாலா திசைகளுக்கும் புறப்பட்டு விடுகின்றன. மறுநாள் பத்திரிகைகளில் விலைப்பட்டியல் வெளியாகின்றது. அந்த மூட்டைகளை இறக்கி ஏற்றும் நாட்டாமைகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேணும் சட்டங்கள் எமது நாட்டுக்குப் புதியனவல்ல. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 இல் இயற்றப்பட்டது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், சுழலும் இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு இருத்தல் வேண்டும், கொதிகலன்கள் பரிசோதிக்கப்படுதல் வேண்டும், குடிநீரும் முதலுதவியும் கிடைத்தல் வேண்டும் என்றெல்லாம் விதிக்கின்றது. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமெனத் தேசிய நிறுவகம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 2022 ஜூன் மாதத்தில் சர்வதேச தொழில் தாபனம், பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பிரகடனப்படுத்தியது.

ஆனால் 1942 இன் சட்டம் அதன் பெயருக்கேற்ப, தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. பொருளொன்றைச் செய்தல், திருத்துதல், விற்பனைக்கு ஏற்றவாறு பதப்படுத்துதல் போன்றவை நடைபெறும் இடமே அதன் பார்வைக்குள் வருகின்றது. லொறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து லொறிக்கும் மூட்டை மாறும் சந்தை முற்றத்தை அதனுள் அடக்குவது கடினம். 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டமோ கடைக்குள் கணக்கெழுதுபவருக்கு வேலை நேரத்தையும் விடுமுறையையும் உறுதி செய்கின்றது. அதே கடை வாசலில் மூட்டையுடன் நிற்பவர் அக்கடையின் ஊழியர்தானா என்று கேட்டால், இல்லை என்றே முதலாளி சொல்வார். இரண்டு சட்டங்களுக்கு இடையிலுள்ள இந்த முற்றத்தில்தான் நாட்டாமையின் வாழ்க்கை கழிகின்றது.

விபத்து நேரும்போது இந்த இடைவெளியின் ஆழம் தெரிய வருகின்றது. நட்டஈட்டுச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொள்வோர் பொறுப்பாவார். 2022 இல் செய்யப்பட்ட திருத்தம், வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக் கொண்டது. வரவேற்கத்தக்க திருத்தம்தான். எனினும் ஓர் இரவில் பத்துக் கடைகளுக்கு மூட்டை சுமந்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒருவர் லொறிப் பலகையிலிருந்து தவறி விழுந்தால், யாரை எதிராளியாகக் காட்டி முறையிடுவது? லொறி உரிமையாளர் வியாபாரியைக் காட்டுவார், வியாபாரி விவசாயியைக் காட்டுவார். இவர்களில் எவரிடமும் அவரது பெயர் எழுதப்பட்ட பதிவேடு இராது.

விழாதவர்களின் நிலையும் மேலானதல்ல. நட்டஈட்டுச் சட்டம் விபத்து நிகழ்ந்த நாளைத் தேடுகின்றது. இருபது வருடங்களாகத் தேய்ந்த முதுகுத்தண்டுக்கு அப்படியொரு நாள் கிடையாது. ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படுமாயின் அதனை விரைவில் அவ்வளவுக்குக் குறைத்தல் வேண்டும் என சர்வதேச தொழில் தாபனம் 1967 இலேயே பரிந்துரைத்தது. மூட்டை பெரிதானால் கணக்கெழுதுபவருக்கு வேலை குறைவு, சாக்குச் செலவும் குறைவு. அந்த மிச்சத்தின் விலையை முதுகு கொடுக்கின்றது.

வழியே இல்லையென்று சொல்ல இயலாது. பம்பாய்ச் சந்தைகளில் இதே கேள்வி எழுந்தபோது, அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் சுமை தூக்குவோர் நடத்திய போராட்டங்களின் பின்னர், மகாராஷ்டிர அரசு 1969 இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 'முதலாளி யார்?' என்ற கேள்வியை அச்சட்டம் வேறு வகையில் தீர்த்தது. தொழிலாளரும் வியாபாரிகளும் ஒரு சபையில் பதிவு செய்தனர். வியாபாரிகள் கூலியையும் அதற்கு மேல் ஒரு குறித்த வீதத்தையும் சபைக்குச் செலுத்தினர். கூலி, சேமலாப நிதி, விடுமுறை, காயத்துக்கான நட்டஈடு யாவும் சபையின் பொறுப்பாயின. யாருடைய மூட்டை என்று தேட வேண்டிய அவசியம் இல்லாமற் போனது. கேரளம் 1978 இலும் தமிழ்நாடு 1982 இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. அவற்றின் நடைமுறையில் குறைகள் உண்டு. போலிப் பதிவுகள் பற்றிய முறைப்பாடுகளும் உண்டு. ஆனால் பதிவே இல்லாத இடத்தில் போலிப் பதிவைப் பற்றிக் கவலைப்படுவது சற்று விசித்திரமானதே.

தம்புள்ளையில் இதனைத் தொடங்குவது மகாராஷ்டிரத்தை விட எளிதாகும் என்பது எமது கருத்து. கடைகள் ஒரே வளாகத்தில் உள்ளன; கடைக்காரர் யார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். கடையை வழங்கும் உடன்படிக்கையிலேயே, பதிவு செய்யப்பட்ட நாட்டாமைகளையே பயன்படுத்துதல், மூட்டையின் நிறைக்கு உச்ச எல்லை வகுத்தல், காப்புறுதிக்கு மூட்டைக்கு ஒரு சிறு தொகை செலுத்துதல் ஆகிய நிபந்தனைகளைச் சேர்க்கலாம். இதற்குப் பாராளுமன்றம் கூடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேலியகொடைக்கு இடம் மாறிய மெனிங் சந்தையில் மூட்டை சுமக்கும் மலையகத் தமிழ் இளைஞர்களுக்கும் இம்முறை பொருந்தும். எதிர்காலத்தில் புதிய பாதுகாப்புச் சட்டம் எதனை வரைந்தாலும், அதன் வரைவிலக்கணத்தில் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'வேலைத்தளம்' என்ற சொல் இடம்பெறுதல் வேண்டும். தொழில் திணைக்களத்தின் பரிசோதகர் ஒருவர் அதிகாலை இரண்டு மணிக்கு அந்த முற்றத்துக்குச் செல்லும் அதிகாரத்தையும் அச்சட்டமே வழங்குதல் வேண்டும்.