இறப்பர் ஆலையில் தொடங்கிய மாத்திரை

போன மாதம் ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டா: "குடியை நிற்பாட்டுற அன்டபியூஸ் குளிசையை அவருக்குத் தெரியாமல் கறிக்குள்ளே போட்டுக் குடுக்கலாமோ?" பதிலுக்கு இந்த வரலாறு.

இறப்பரைப் பதப்படுத்தும் இரசாயனக் குடும்பத்தில் பிறந்தது அந்த மருந்து. அவற்றோடு புழங்கிய தொழிலாளருக்கு மது ஒத்துக்கொள்ளாததை 1937இல் அமெரிக்க ஆலை வைத்தியர் ஒருவர் எழுதினார். எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்னர் கோப்பன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் இருவரும் இதைப் பூச்சி மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கினார்கள். மது அருந்தியதும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. அவர்களின் கட்டுரை 1948 டிசம்பரில் நம் இலண்டனின் 'லான்செட்' இதழில் வந்தது.

பக்கவிளைவே மருந்தாகிவிட்டது! மது உடலில் அசற்றல்டிகைட்டாக மாறும். அது மேலும் உடையாமல் மாத்திரை தடுக்கும். நஞ்சு தேங்கி வாந்தி, தலையிடி வரும், இரத்த அழுத்தம் இறங்கும். ஆரம்பத்தில் அளவு கூடக் கொடுத்துச் சிலர் இறந்தார்கள், பிறகுதான் குறைத்தார்கள். குடிக்காமல் இருந்தாலும் அயர்வு, வாயில் உலோகச் சுவை, கைகால் விறைப்பு, அரிதாக ஈரல் பழுது வரலாம். கணக்காளனான எனக்கு இது வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதிய பேரேடு.

ஆகவே அக்கா, கறிக்குள் வேண்டாம். அறியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அறிந்து எடுப்பவரும் இருமல் பாணியில் மது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குளிசையை நிறுத்தினாலும் அதன் வேலை இரண்டு வாரம் வரை நிற்கும்.