விராலிமலைச் சதிரும் விடலைப் பருவக் காதலும்

தமிழ்த் திரையில் விடலைப் பருவக் காதலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1979-இல் வந்த பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்திலிருந்து தொடங்குவார்கள். 1981-இல் 'பன்னீர் புஷ்பங்கள்', வீட்டை விட்டு ஓடும் ஆறு மாணவர்களைக் காட்டிய 2002-இன் 'துள்ளுவதோ இளமை' எனப் பேச்சு நீளும். திரையின் கணக்கில் இது சரிதான். ஆனால் வீட்டில் மனம் ஒட்டாமல், சோறு இறங்காமல், பேசுகிறவர்மேலெல்லாம் எரிந்து விழும் அந்த வயதை ஊரறியப் பாடி ஆடுகிற வழக்கம் இங்கே சினிமாவுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. திருச்சி–மதுரைச் சாலையில் உள்ள விராலிமலை அதற்கு வலுவான சான்று.

மலைமேல் நிற்கும் முருகனைத் தலைவனாகக் கொண்டது விராலிமலைக் குறவஞ்சி. அதை ஆடியவர்கள் அந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு, சதிர் என்னும் நடனத்தை ஆடிவந்த பெண்கள். குறவஞ்சியின் கதைப்போக்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: உலா வரும் தலைவனைப் பார்த்த பெண் மயங்குகிறாள், நிலவையும் தென்றலையும் ஏசுகிறாள், தேற்ற வரும் தோழியிடம் சினக்கிறாள், கடைசியில் குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லிக்கு நேர்வதும் இதுவே. இதற்கு மூத்த உலா இலக்கியம் இன்னும் நுட்பமானது. பெண்ணின் வயதை ஏழு பருவமாகப் பிரித்து, பேதைக்குப் புரியாத ஒன்று பெதும்பைக்கு லேசாகப் புரியத் தொடங்குவதையும், மடந்தையை அது முழுதாய் ஆட்கொள்வதையும் படிப்படியாகக் காட்டுகிறது. மடந்தைக்குப் பாட்டியல் நூல்கள் பொதுவாகத் தரும் வயது 14 முதல் 19. பருவம் மாறும்போது மனம் மாறுவதை இவ்வளவு பொறுமையாகக் கவனித்த மரபை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

தலைவன் தெய்வம், தலைவி உயிரின் உருவகம், இதில் பதின்வயதுக் காதல் எங்கே என்று கேட்கலாம். உருவகம் என்பதை ஏற்கலாம். ஆனால் தலைவியின் சோர்வும் பிடிவாதமும் பார்ப்பவர்கள் தம் வீட்டுப் பெண்ணிடம் கண்டவையாக இல்லாவிட்டால் அந்த உருவகம் மேடையில் நிற்காது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எழுதியவர்கள் ஆண் புலவர்கள், ஆகவே அது பெண்ணின் குரலே அல்ல. எழுத்தைப் பொறுத்தவரை உண்மை. சதிரிலோ ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பாவத்தில் விரிப்பது ஆடுகிறவளின் கையில் இருந்தது. புலவர் ஒருமுறை எழுதிய ஏக்கத்தை அவள் பத்து விதமாக நடித்துக் காட்ட முடிந்தது. மூன்று சிறுவர்களின் மனதை அவ்வளவு மென்மையாகத் திறந்துகாட்டும் 'அழியாத கோலங்கள்', அவர்கள் மயங்கிய ஆசிரியையை அவர்கள் கண்வழியே அல்லவா காட்டுகிறது! சதிர் மேடையில் பார்த்தவளும் ஏங்கியவளும் பெண்.

இதைச் சொல்லும்போது அந்த மேடைக்குப் பின்னால் இருந்த கொடுமையை மறைக்கக் கூடாது. காதலின் தவிப்பை ஆடிக் காட்டிய பெண்களுக்குத் தம் வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. கோயிலின் 32 பெண்களில் எஞ்சியவராக அறியப்படும் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் பொட்டுக்கட்டி அந்த முருகனுக்கு நேர்ந்துவிடப்பட்டவர். பருவம் வருமுன்பே அவர் வாழ்க்கை முடிவுசெய்யப்பட்டுவிட்டது. அந்த வழக்கத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் விராலிமலை அடங்கிய அதே புதுக்கோட்டையில் பிறந்தவரே. சென்னை மாகாணம் 1947-இல் பொட்டுக்கட்டைத் தடைசெய்தது நியாயம். வழக்கத்தை ஒழித்த சமூகம் அந்தப் பெண்களின் கலையையும் பிழைப்பையும் சேர்த்தே கைவிட்டதுதான் அநியாயம். முத்துக்கண்ணம்மாளுக்கு பத்மஸ்ரீ வந்தது 2022-இல். இடைப்பட்ட காலத்தில் பதின்வயதுக் காதலைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் சினிமாவிடம் போயிருந்தது. அந்தச் சினிமாவை எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள்.